செய்தவர் பெயர் வேண்டாத வாக்கியம்: ஆங்கிலச் செயப்பாட்டு வினையைப் புதிதாகப் பழகுவோருக்கு

திருகோணமலை உட்துறைமுக வீதியில் குழாய் பதிக்கும் வேலை நடக்கும் நாளில், முச்சக்கர வண்டி ஓட்டும் அண்ணன் பாதி வழியில் திரும்பி வந்து, "றோட்டை மறிச்சுப்போட்டாங்கள், சுத்தித்தான் போகவேணும்" என்பார். மறித்தவர்கள் யார் என்று அவர் சொல்வதில்லை. வண்டியில் இருப்பவரும் கேட்பதில்லை. மறித்தது பொலிசாரா, வீதி வேலைக்காரரா என்பது அந்த நேரத்தில் இருவருக்கும் வேண்டாத விவரம். வீதி மறிக்கப்பட்டிருக்கிறது என்பதே செய்தி. அதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல ‘த றோட் ஹாஸ் பீன் குளோஸ்ட்’ என்பதே மிக இயல்பான வாக்கியம். செயப்பாட்டு வினை எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு வாக்கியமே போதிய விடை.

ஆனால் நம்மில் பலர் அதைக் கற்ற வழி வேறு. "ராமன் பாம்பைக் கொன்றான்" என்பதைப் "பாம்பு ராமனால் கொல்லப்பட்டது" என்று மாற்றுவதுபோல், ஆங்கிலத்திலும் எழுவாயைக் கடைசிக்குத் தள்ளி, முன்னால் ‘பை’ என்ற சொல்லை வைத்து, பத்து வாக்கியங்களை மாற்றிக் கொடுத்தோம், புள்ளி கிடைத்தது. மாலை வகுப்பில் என்னிடம் வரும் வளர்ந்தவர்களிடம் அந்தப் பயிற்சியின் எச்சம் இன்னும் இருக்கிறது. மோட்டார் இயந்திரம் களவு போனதைப் பற்றிக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிய ஒரு மீனவர், ‘மை என்ஜின் வோஸ் ஸ்டோலன் பை அ தீஃப்’ என்று எழுதியிருந்தார். களவெடுத்தவன் கள்வன் என்பதை அந்த நிறுவனத்துக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. நாளாந்த ஆங்கிலத்தில் வரும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் ‘பை’ வருவதே இல்லை. செய்தவரைச் சொல்லத் தேவையில்லாதபோது அல்லது செய்தவர் தெரியாதபோது எழுதுவதற்காகத்தான் இந்த அமைப்பே இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையில் ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒரு குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்தால் அகராதியைத் திறவுங்கள். வாசிப்பதைவிட அந்த எழுத்துவேலைதான் மனதில் பதியும்.

முதற்படி: நம் பேச்சிலேயே அதைக் கண்டுபிடியுங்கள்

‘படு’ சேர்ந்த தமிழ் வாக்கியங்களை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பேச்சுத் தமிழில் ‘எழுதப்பட்டது’, ‘கொடுக்கப்பட்டது’ என்று எவரும் பேசுவதில்லை. செய்தவரை விட்டுவிடுவதற்கு நம்மிடம் வேறு வழிகள் இருக்கின்றன. முதலாவது, முச்சக்கர வண்டிக்காரரின் வாக்கியத்தில் வந்த ‘ஆங்கள்’. "சம்பளம் கூட்டிப்போட்டாங்கள்", "கறண்டை நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்னும்போது அந்த ‘அவர்கள்’ எவரையும் சுட்டுவதில்லை. புதிதாகப் படிப்பவர் இதை அப்படியே ‘தே’ என்று தொடங்கி எழுதுகிறார். பேச்சில் அது பிழையில்லை. கடிதத்தில் எழுதினால், வாசிப்பவர் ‘யார் இந்தத் தே?’ என்று தேடுவார். அங்கே ‘சலரீஸ் ஹாவ் பீன் இன்க்ரீஸ்ட்’ என்பதே பொருத்தம்.

இரண்டாவது, "பலகையில் எழுதியிருக்கிறது", "மேசையில் வைத்திருக்கிறது", "காசு கட்டியாயிற்று" போன்றவை. எழுதியவரும் வைத்தவரும் கட்டியவரும் இவற்றில் இல்லை, ‘படு’வும் இல்லை. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘இட் இஸ் றிட்டன் ஓன் த போர்ட்’, ‘த ஃபீ ஹாஸ் பீன் பெய்ட்’ என்று செயப்பாட்டு வடிவத்தில்தான் போக வேண்டும். ‘திண்ணை மெழுகிற்று’ என்பது இலக்கண உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு. திண்ணை தானாக மெழுகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் திண்ணையே மெழுகியதுபோலச் சொல்வது நமது பழைய வழக்கம். ஆங்கிலத்தில் ‘திறந்தது’, ‘உடைந்தது’ போன்ற சில வினைகளுக்கே இந்தச் சலுகை உண்டு. திண்ணைக்கு இல்லை, அது மெழுகப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, கேள்விப்பட்டதைச் சொல்லும் ‘ஆம்’. "மூதூர்ப் பக்கம் நல்ல மழையாம்" என்பதன் அந்தச் சிறு ஒட்டுக்கு ஆங்கிலம் ‘இட் இஸ் செட் தட்’, ‘இட் இஸ் றிப்போட்டட் தட்’ என்று ஒரு முழுத்தொடரைச் செலவழிக்கிறது. செய்தி எழுத்தில் இது அடிக்கடி வரும்.

ஒரு வாரத்துக்கு, வீட்டிலும் சந்தையிலும் காதில் விழும் இத்தகைய வாக்கியங்களைக் குறித்துவையுங்கள். ஆங்கிலத்தில் மாற்றாதீர்கள், தமிழிலேயே சேருங்கள். செய்தவர் இல்லாத இடத்தைக் காது பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அமைப்பைப் படிப்பதில் பயன் உண்டு.

இரண்டாம் படி: இரண்டே உறுப்புகள்

செயப்பாட்டு வினைத்தொடருக்கு இரண்டு உறுப்புகள்தான். ஒன்று ‘பீ’ என்ற துணைவினையின் ஏதாவது ஒரு வடிவம். மற்றது வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம், அதாவது ‘றைட், றோட், றிட்டன்’ என்பதில் ‘றிட்டன்’. காலத்தையும் ஒருமை பன்மையையும் முதல் உறுப்பு சுமக்கும்; இரண்டாவது உறுப்பு எந்தக் காலத்திலும் அசையாது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஒரு படகின் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் திருத்துவது வழக்கமென்றால் ‘த என்ஜின் இஸ் றிப்பெயார்ட் எவ்றி இயர்’. இப்போது கழற்றிப்போட்டு வேலை நடக்கிறதென்றால் ‘இஸ் பீயிங் றிப்பெயார்ட்’. போன மாதம் திருத்தினார்கள் என்றால் ‘வோஸ் றிப்பெயார்ட் லாஸ்ட் மந்த்’. திருத்தியாயிற்று, இனிக் கடலுக்குப் போகலாம் என்றால் ‘ஹாஸ் பீன் றிப்பெயார்ட்’. நாளை திருத்துவார்கள் என்றால் ‘வில் பீ றிப்பெயார்ட்’. திருத்தியே ஆகவேண்டும் என்றால் ‘மஸ்ட் பீ றிப்பெயார்ட்’. இயந்திரங்கள் பலவானால் ‘இஸ்’ என்பது ‘ஆர்’ ஆகும், ‘வோஸ்’ என்பது ‘வேர்’ ஆகும், ‘ஹாஸ்’ என்பது ‘ஹாவ்’ ஆகும். புதியவருக்கு இந்த ஆறும் போதும்.

இந்த ஆறில் ‘பீயிங்’, ‘பீன்’ இரண்டும் நம்மவர் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. பேச்சில் ஒன்றானது எழுத்திலும் ஒன்றாகிறது. ‘மை அப்ளிகேஷன் இஸ் பீன் செக்ட்’ என்று எழுதுபவரைத் திருத்த ஒரு வழி: ‘கொண்டிருக்கிறது’ என்று தமிழில் சொல்ல முடிந்தால் ‘பீயிங்’, ‘ஆயிற்று’ என்று சொல்ல முடிந்தால் ‘பீன்’. ‘பீயிங்’ வந்தால் முன்னால் ‘இஸ், ஆர், வோஸ், வேர்’; ‘பீன்’ வந்தால் முன்னால் ‘ஹாஸ், ஹாவ், ஹாட்’. இந்தச் சோடிகளை மாற்றக் கூடாது.

மூன்றாம் வடிவத்தில் மனனம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. பெரும்பாலான வினைகளுக்குக் கடைசியில் ‘ஈடீ’ சேர்த்தால் போதும். அடிக்கடி வரும் சிலதான் வழிமாறும்: றைட், றோட், றிட்டன்; கிவ், கேவ், கிவ்ன்; டேக், டுக், டேக்கன்; ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன்; சென்ட், சென்ட், சென்ட் (இதில் முதலாவது ‘டீ’ (d) எழுத்திலும் மற்ற இரண்டும் ‘ரீ’ (t) எழுத்திலும் முடியும்); கட் என்பதோ மூன்றிலும் கட். ‘வோஸ் ஸ்டோல்’, ‘வோஸ் றோட்’ என்று இரண்டாம் வடிவத்தை வைப்பதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. நாளுக்கு இரண்டு வினைகள் வீதம் மூன்று வாரம் படித்தால் நாற்பது வந்துவிடும். அலுவலகக் கடிதங்களுக்கு அதுவே பெரிய கையிருப்பு.

மூன்றாம் படி: ‘எதை?’ என்று கேளுங்கள்

எல்லா வினையும் செயப்பாட்டு வடிவம் எடுக்காது. ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்ற கேள்விக்கு விடை தரும் வினை மட்டுமே எடுக்கும். எதைத் திருத்தினார்கள், இயந்திரத்தை, ஆகவே திருத்தப்படும். எதை நிகழ்ந்தது என்று கேட்க முடியுமா? முடியாது, ஆகவே ‘ஹப்பென்’ என்ற வினைக்கு முன் ‘வோஸ்’ வராது. வருதல், போதல், இறத்தல், நிகழ்தல் ஆகியவற்றுக்கான ஆங்கில வினைகள் எல்லாம் இந்த வகை.

இங்கே நமக்கென்று ஒரு தனிப் பள்ளம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தில் ‘ஆன் அக்சிடென்ட் வோஸ் ஒக்கேர்ட்’ என்று எழுதினேன். பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதன் காரணம் புரிந்தது: என் மனதில் ஓடிய தமிழ்ச்சொல் ‘ஏற்பட்டது’. அதில் ‘பட்டது’ இருப்பதால் ஆங்கிலத்திலும் ஒரு ‘வோஸ்’ தேவை என்று கை தானாக எழுதிவிட்டது. ஏற்பட்டது, புறப்பட்டது, கவலைப்பட்டேன், கஷ்டப்பட்டேன், ஆசைப்பட்டேன் என்று எத்தனையோ சொற்களில் ‘படு’ இருந்தாலும் அவற்றில் ஒன்றுகூடச் செயப்பாட்டு வினை அன்று. ‘கொழும்பு பஸ் புறப்பட்டது’ என்பது ‘த கொழும்பு பஸ் லெஃப்ட்’ மட்டுமே. அங்கே ‘வோஸ் லெஃப்ட்’ என்று எழுதினால் பஸ்ஸை யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பொருளாகும். எனவே ‘படு’வைக் கண்டவுடன் ‘வோஸ்’ போடாமல், ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: ‘பை’ எப்போது வேண்டும்

செய்தவரே செய்தியாக இருக்கும்போது வேண்டும். நம் ஊர்க் கோட்டையின் கதையை ஒரு வெளியூர்ப் பயணிக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், மான்கள் மேயும் அந்தக் கோட்டை வாசலைக் காட்டி, ‘த ஃபோர்ட் வோஸ் பில்ட் பை த போர்ச்சுகீஸ் இன் 1624’ என்று தொடங்கலாம். அடுத்து, ‘இட் வோஸ் கப்ச்சேர்ட் பை த டச் இன் 1639 அன்ட் பை த பிரிட்டிஷ் இன் 1795’. கோட்டை ஒன்றே, கை மாறியவர்கள்தான் வேறு. ஆகவே இங்கே ஒவ்வொரு ‘பை’யும் தன் இடத்துக்கு உரியது, எடுத்துவிட்டால் கதையே இல்லை. மூன்றாவது வாக்கியம் ‘இட் வோஸ் றீநேம்ட் ஃபோர்ட் ஃப்ரெடறிக் இன் 1803’ என்று வரட்டும். அப்போது ஆட்சி யாருடையது என்பதை முந்திய வாக்கியம் சொல்லிவிட்டது. எனவே இங்கே ‘பை’ மிகை. துறைமுகத்தைப் பற்றித் தொடர்ந்தால், ‘த ஹார்பர் வோஸ் போம்ட் பை ஜப்பனீஸ் எயர்கிராஃப்ட் ஓன் 9 ஏப்ரில் 1942’ என்பதில் குண்டு வீசியவர் யார் என்பது வாசிப்பவருக்குத் தெரியாத செய்தி, வைக்க வேண்டும். ‘த நேவல் பேஸ் வோஸ் ஹாண்டட் ஓவர் டு சிலோன் இன் 1957’ என்பதில் யாரிடம் கொடுத்தார்கள் என்பதே முக்கியம், கொடுத்தவர் தெரிந்தவர்.

இந்த ஐந்து வாக்கியங்களிலும் எழுவாயைப் பாருங்கள். கோட்டையும் துறைமுகமும் முன்னால் நின்று, ஆண்டவர்கள் வந்து போகிறார்கள். ஊரின் கதையை ஊரை எழுவாயாக வைத்தே எழுத முடிவது செயப்பாட்டு வினையின் பெரிய வசதி என்று நான் நினைக்கிறேன். பத்தி சிதறாமல் ஒரே பொருளின்மேல் நிற்கிறது.

‘பை’ பற்றி இன்னுமொன்று. நமது ‘ஆல்’ உருபு பல வேலை செய்யும். ஆங்கிலம் அவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது. ‘புயலால் மரம் சாய்க்கப்பட்டது’ என்பதில் ‘பை’. ‘கத்தியால் கயிறு வெட்டப்பட்டது’ என்பதில் கத்தி கருவி, ஆகவே ‘வித்’. ‘மழையால் பஸ் பிந்தியது’ என்பதில் மழை காரணம், ஆகவே ‘பிகோஸ் ஒஃப்’.

ஐந்தாம் படி: ‘எனக்கு’ எழுவாயாகும் இடம்

"எனக்கு ஒரு படிவம் தந்தாங்கள்." இதைத் தமிழில் ‘நான் படிவம் தரப்பட்டேன்’ என்று மாற்ற முடியாது, ‘எனக்குப் படிவம் தரப்பட்டது’ என்றுதான் சொல்லலாம். ஆங்கிலத்திலோ ‘ஐ வோஸ் கிவ்ன் அ ஃபோர்ம்’ என்று, பெற்றவரே எழுவாயாக வருவதுதான் வழக்கம். ‘டு மீ வோஸ் கிவ்ன்’ என்று தொடங்க வேண்டாம். "நாளைக்கு வரச்சொன்னாங்கள்" என்பது ‘ஐ வோஸ் டோல்ட் டு கம் டுமொறோ’ ஆகும். "எங்களை ஒரு மணித்தியாலம் காக்கவைச்சாங்கள்" என்பது ‘வீ வேர் கெப்ட் வெயிட்டிங் ஃபோர் ஆன் அவர்’. அலுவலகங்களில் நமக்கு நடப்பவற்றை எழுத இந்த மூன்றும் திரும்பத் திரும்ப உதவும். நமக்குப் பழக்கமே இல்லாத அமைப்பு என்பதால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

நாளாந்த வழக்கில்

அறிவித்தல் பலகைகளில் ‘பீ’ உறுப்பு விழுந்துவிடும். கடைக் கதவில் ‘குளோஸ்ட்’, பேருந்து நிலைய ஆசனத்தில் ‘றிசேர்வ்ட்’, பெட்டியின் அடியில் ‘மேட் இன் ஸ்ரீ லங்கா’ என்பவையெல்லாம் பாதி வாக்கியங்களே. பேச்சில் ‘பீ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கெட்’ வருவதும் உண்டு. ‘மை ஃபோன் கொட் ஸ்டோலன்’ என்று நண்பரிடம் சொல்லலாம், பொலிஸ் முறைப்பாட்டில் ‘வோஸ் ஸ்டோலன்’ என்றே எழுதுங்கள். பிறந்த ஊரைச் சொல்வதும் செயப்பாட்டு வடிவமே: ‘ஐ வோஸ் போர்ன் இன் கிண்ணியா’. பிறப்பு ஒருமுறை நடந்து முடிந்தது. ‘ஐ ஆம் போர்ன்’ ஆகாது.

கடிதத்திலும் அறிக்கையிலும்

திணைக்களங்களின் தமிழ்க் கடிதங்களை வாசித்துப் பழகியவருக்கு இந்தப் பகுதி இலகு. ‘விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன’ என்பது ‘அப்ளிகேஷன்ஸ் ஆர் இன்வைட்டட்’. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்பது ‘யூ ஆர் றிக்வெஸ்டட் டு’. ‘இத்தால் அறிவிக்கப்படுகிறீர்கள்’ என்பது ‘யூ ஆர் ஹியர்பை இன்ஃபோம்ட் தட்’. ஆனால் இவை அலுவலகம் நமக்கு எழுதும் மொழி. நாம் அலுவலகத்துக்கு எழுதும்போது அதே ‘யூ ஆர் றிக்வெஸ்டட்’ என்ற தொடரைத் திருப்பி எழுதினால் கட்டளையிடுவதுபோல் ஒலிக்கும். அங்கே ‘ஐ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப்’ என்று தொடங்குவதே பணிவு.

முறைப்பாட்டுக் கடிதத்துக்கு நான் கொடுக்கும் நடைமுறை இது: நீங்கள் செய்ததைச் செய்வினையில் எழுதுங்கள், உங்களுக்குச் செய்யப்பட்டதை, அல்லது செய்யப்படாமல் விடப்பட்டதைச் செயப்பாட்டு வினையில் எழுதுங்கள். ‘ஐ சப்மிட்டட் மை அப்ளிகேஷன் ஓன் 5 மார்ச். ஐ வோஸ் டோல்ட் தட் இட் வுட் பீ ப்ரோசெஸ்ட் விதின் டூ வீக்ஸ். நோ றிப்ளை ஹாஸ் பீன் றிசீவ்ட். ஐ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப் த மாட்டர் குட் பீ லுக்ட் இன்டு.’ நான்கு வாக்கியத்தில் எவரையும் விரல் நீட்டவில்லை. ஆனால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது தெளிவு. கவுண்டரில் இருந்த பிள்ளை ஒருவரின் மேல் பழி போகாமல், வேலை நடக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல இந்த வடிவம் உதவுகிறது. கடைசி வாக்கியத்தின் ‘இன்டு’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். வினையோடு ஒட்டிய சிறுசொல், செயப்பாட்டு வடிவத்திலும் ஒட்டியே வரும்.

விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களுக்குச் செயப்பாட்டு வினைதான் செய்முறைப் பகுதியின் மொழி. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வெப்பநிலை பார்த்து அறிக்கை எழுதினால், ‘த டெம்பரேச்சர் ஒஃப் ஈச் வெல் வோஸ் மெஷேர்ட் த்ரீ டைம்ஸ்’ என்று எழுதுவது வழக்கம். அளந்தவர் எவராக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அதன் நியாயம்.

எழுதக் கூடாத இடங்கள்

வேலை விண்ணப்பத்தில் உங்கள் அனுபவத்தைச் செயப்பாட்டு வினையில் எழுதாதீர்கள். ‘த அக்கவுன்ட்ஸ் வேர் மானேஜ்ட்’ என்றால் கணக்கு நடந்தது தெரியும்; நடத்தியவர் நீங்கள் என்பது தெரியாது. ‘ஐ மானேஜ்ட் த அக்கவுன்ட்ஸ்’ என்றே எழுதுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் ‘நான்’ என்று சொல்வதைப் பெருமையடிப்பதாக எண்ணிக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தை இந்த ஒரு தாளில் விட்டுவிட வேண்டும்.

மன்னிப்புக் கேட்கும் கடிதத்திலும் வேண்டாம். ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்பது தவறைச் சொல்லித் தவறு செய்தவரை மறைக்கும் வாக்கியம். அப்படியொரு பதிலைக் கையில் வாங்கியவருக்கு அதன் வெறுமை தெரியும்.

இருந்தாலும், செயப்பாட்டு வினை என்றாலே மறைப்பது என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. நம் மண்ணிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. ‘காணாமல் போனோர்’ என்ற சொல்லை ஏற்காமல், ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்ல வேண்டும் என்று தாய்மார் நிற்கிறார்கள். போனோர் என்றால் அவர்களாகவே போனார்கள். ஆக்கப்பட்டோர் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லாமலே, ஒரு கை இருந்தது என்பதை அந்த ‘படு’ நிலைநாட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘டிஸ்அப்பியர்’ என்ற வினை, மூன்றாம் படியில் சொன்னபடி, ‘எதை?’ என்ற கேள்விக்கு இடம் தராதது. ஆயினும் இந்தப் பொருளில் மட்டும் ‘வேர் டிஸ்அப்பியர்ட்’ என்று எழுதும் வழக்கம் அந்த மொழியிலும் உண்டாகியிருக்கிறது. திருத்துபவர் எவராவது அந்த ‘வேர்’ என்ற சொல்லைப் பிழை என்று வெட்டினால், வெட்ட விடாதீர்கள்.

எழுதி முடித்த பின்

எந்தக் கடிதத்தையும் அனுப்புமுன் மூன்று முறை வாசியுங்கள். முதல் வாசிப்பில் ஒவ்வொரு ‘பை’யையும் கோடிட்டு, அதை விரலால் மறைத்துப் பாருங்கள்; வாக்கியம் எதையும் இழக்கவில்லையென்றால் வெட்டிவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு ‘பீ’ வடிவத்தின் பக்கத்திலும் மூன்றாம் வடிவம் சரியாக நிற்கிறதா, நிற்பது ‘எதை?’ என்ற கேள்விக்கு விடை தரும் வினைதானா என்று பாருங்கள். மூன்றாம் வாசிப்பைச் சத்தமாக, ‘பீன்’, ‘பீயிங்’ இரண்டையும் வேறுபடுத்தி உச்சரித்து வாசியுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். எது முடிந்துவிட்டது, எது இன்னும் நடக்கிறது என்பதை அவர் உங்கள் குரலிலிருந்தே பிரித்துச் சொன்னால், கடிதத்தை உறையில் இடலாம்.